உள்ளம் மீனும் அடைபட்ட ஆறும்

வங்க நாட்டில் வாழ நேர்ந்த தமிழர் எவரும், ஆனி பிறந்து தென்மேற்குப் பருவமழை இறங்கியதும், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் செவியுறுவர். அலுவலகத்தில் அச்சொல், அண்டை வீட்டில் அச்சொல், காய் வாங்கப் போன சந்தையிலும் அச்சொல்லே. 'இலிஷ் வந்துவிட்டதா? பத்மா ஆற்றினதா, கங்கையினதா? எடை என்ன? சினை உண்டா?' என்று பெரிய அதிகாரிகளும் கோப்பை மூடிவைத்துவிட்டு ஆராய்ச்சியில் இறங்குவதைக் கண்டு, புதிதாக மாற்றலாகி வந்த நம்மவர் திகைப்பதுண்டு. புலால் உண்ணாதவர் புன்னகையோடு விலகிக்கொள்வர். உண்பவரோ ஒருமுறை வாங்கிப் பார்த்து, அதன் முட்களோடு போராடிவிட்டு, 'இதற்கா இத்தனை ஆரவாரம்!' என்பர்.

ஆயினும் இம்மீன் நமக்கு அயலானதன்று. தமிழகக் கரையில் இதன் பெயர் உள்ளம். சிலர் உல்லம் என்றும் வழங்குவர். காவிரியின் வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டு செல்லும் கொள்ளிடத்தில் இது ஒரு காலத்தில் ஆண்டுதோறும் ஏறி வந்தது. கோதாவரிக் கரைத் தெலுங்கர் இதனைப் புலசா என்பர். தாலியை விற்றேனும் புலசா தின்னவேண்டும் என்று அங்கே ஒரு வழக்குண்டு. சிந்து நதியில் இதற்குப் பல்லா என்று பெயர். சிந்தி மக்கள் போற்றும் ஜூலேலால் சுவாமியின் படங்களில், அவர் அமர்ந்திருக்கும் மீன் பல்லா என்பது அம்மக்களின் நம்பிக்கை. இராக் நாட்டின் ஆறுகளில் அதே மீன் சுபூர் ஆகிறது. பாரசீக வளைகுடாவிலிருந்து பர்மாவின் ஐராவதி வரையில், பேராறு ஒன்று கடலில் கலக்கும் இடமெல்லாம் ஒரு பெயர் பெற்றுள்ள மீன் இது. கங்கையாற்று மீன்களைப் பற்றி 1822-ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட பிரான்சிஸ் ஹாமில்டன், வங்காளிகளின் வாய்மொழிப் பெயரையே எடுத்து 'இலிஷா' என்று அறிவியல் பெயர் சூட்டினார். அப்பெயர் இன்றும் நிற்கிறது.

இதன் வாழ்க்கை முறையை அறிந்தால்தான் இதனைப் பிடிக்கும் முறையும், இதற்கு நேர்ந்துள்ள இடுக்கணும் விளங்கும். உள்ளம் மீன் வளர்வது கடலில், பிறப்பது ஆற்றில். மழை பெய்து ஆறு பெருகிக் கலங்கல் நீர் கடலுக்குள் பாயும்போது, அந்நீரின் குறிப்பை அறிந்து, முதிர்ந்த மீன்கள் கூட்டங் கூட்டமாகக் கழிமுகத்திற்குள் புகுந்து ஓட்டத்தை எதிர்த்து ஏறத் தொடங்கும். ஆடி முதல் ஐப்பசி வரை பெரும் ஏற்றம். தை, மாசியில் சிறியதோர் ஏற்றமும் உண்டு. பெட்டை மீன் ஆணினும் பெரியது. நன்கு வளர்ந்த பெட்டை ஒன்று பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. நன்னீரில் இட்ட முட்டை ஏறத்தாழ ஒரே நாளில் பொரிந்துவிடும். குஞ்சுகள் ஐந்தாறு திங்கள் ஆற்றிலும் கழிமுகத்திலும் உண்டு வளர்ந்து, ஒரு சாண் நீளம் எய்தியதும் கடலுக்கு இறங்கும். ஓரிரு ஆண்டு கழித்து அவையும் தாய் வந்த வழியே திரும்ப ஏறும்.

மத்தி, சாளை முதலியன இதற்கு உறவு. அவற்றைப் போலவே இதுவும் நீரில் மிதக்கும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களைச் செவுளின் இழைகளால் வடிகட்டி உண்பது. ஆகவே இமயச் சாரலில் மகாசீர் மீனுக்குத் தூண்டில் எறிந்து காத்திருக்கும் கனவான்களின் பொழுதுபோக்கு இதனிடம் செல்லாது. இரையைக் கண்டு வாய் திறக்காத மீனுக்குத் தூண்டில் எதற்கு? உள்ளத்தைப் பிடிக்க வலைதான் வேண்டும். வலையினும் மேலாக ஆற்றை அறிந்த கை வேண்டும்.

வங்காளத்தில் பெருவழக்காயுள்ளது செவுள் வலை. மேல் விளிம்பில் மிதவைகளும் கீழ் விளிம்பில் எடைகளும் கோத்த நீண்ட வலையை, படகிலிருந்து ஆற்றின் குறுக்கே சுவர் போல் இறக்கிவிடுவார்கள். பிறகு படகும் வலையும் ஓட்டத்தோடு சேர்ந்து மிதந்து போகும். எதிரேறி வரும் மீன் வலைக்கண்ணில் தலையை நுழைக்கும். தலை புகும்; பருத்த உடல் புகாது. பின்வாங்க முயன்றால் செவுள் மூடி நூலில் மாட்டிக்கொள்ளும். இவ்வளவே இதன் தந்திரம். இதில் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: வலைக்கண்ணின் அளவே எந்த மீன் அகப்படும், எந்த மீன் தப்பும் என்பதைத் தீர்மானிக்கிறது. கண் அகலமாக இருந்தால் சிறுமீன் உருவிக்கொண்டு போய்விடும். கண்ணைக் குறுக்கினால் ஆற்றில் அவ்வாண்டு பிறந்த குஞ்சும் மாட்டிக்கொள்ளும்.

மற்றொன்று 'சாங்லா' என்னும் வலை. இதுவே எனக்கு மிகவும் வியப்பளிப்பது. சிறு படகு ஒன்று. அதனடியே பை போன்ற வலை ஒன்று. பையின் வாயைத் திறந்து வைத்தபடி ஆழத்தில் இறக்கிவிட்டு, அதிலிருந்து வரும் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு மீனவர் அமர்ந்திருப்பார். படகு நீரோட்டத்தில் மிதக்கும். கலங்கிய ஆற்றில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இரவாயின் கேட்கவே வேண்டா. வலைக்குள் மீன் புகுந்து இடித்தால், அந்த அதிர்வு கயிற்றின் வழியே விரலுக்கு வரும். வந்த கணமே பையின் வாயை மூடி மேலே இழுத்தாக வேண்டும். ஒரு கணம் தாழ்த்தினாலும் மீன் போய்விடும். வீணை வாசிப்பவரின் விரலுக்குள்ள நுண்ணுணர்வு இத்தொழிலாளரின் விரலுக்கும் உண்டு என்றால் மிகையன்று. மாணிக் பந்தோபாத்யாய் 1936-இல் நூலாக வெளியிட்ட 'பத்மா நதியின் படகோட்டி' என்னும் புதினம், மழைக்கால இரவில் பத்மாவில் நடைபெறும் இலிஷ் வேட்டையோடுதான் தொடங்குகிறது. வங்க உரைநடை இலக்கியத்தில் இந்த ஏழை மீனவருக்கு நிலையான இடம் தேடித் தந்த நூல் அது.

பிடிபட்ட உள்ளம் நீரை விட்டு வெளியே வந்ததும் உயிர் துறந்துவிடும். விரால் போலவும் கெளுத்தி போலவும் சந்தையில் தொட்டி நீரில் துள்ளும் உள்ளத்தை எவரும் கண்டிருக்க இயலாது. ஆதலின் இதற்குப் பனிக்கட்டியும் விரைவும் இன்றியமையாதன. இன்று மேற்கு வங்கச் சந்தைக்கு வருவதில் பெரும் பகுதி, காக்துவீப், நாம்கானா, தீகா முதலிய துறைகளிலிருந்து இயந்திரப் படகுகள் கடலிலும் கழிமுகத்திலும் பிடித்து வருவதே. ஆற்றில் பிடித்ததே சுவையிற் சிறந்தது என்பது வங்காளிகளின் அசையாத தீர்ப்பு. முட்டையிட்டு முடித்த மீன் கொழுப்பு வற்றி மெலிந்துவிடும் என்பதும் அவர்கள் அறிந்ததே. வாங்குவோர் அதன் வயிற்றைக் கூர்ந்து நோக்குவதன் பொருள் இதுதான்.

ஆற்றில் பிடித்த மீன் இவ்வளவு அரிதானதேன்? கங்கையைச் சற்று எதிரேறிச் சென்று பார்ப்போம். டெல்லியிலும் ஆக்ராவிலும் வசிக்கும் நேயர்கள் இதனை நம்ப மாட்டார்கள். வங்கக் கடலிலிருந்து புறப்பட்ட இம்மீன், கங்கை வழியாகவும் யமுனை வழியாகவும் ஆக்ராவுக்கும் டெல்லிக்கும் ஏறி வந்ததாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மீனியல் நூல்கள் பதிந்துள்ளன. அலகாபாத் நகரில் அது சந்தை மீனாகவே இருந்தது. 1975-இல் மேற்கு வங்கத்தின் பரக்காவில் கங்கையின் குறுக்கே தடுப்பணை பயனுக்கு வந்தது. இரண்டேகால் கிலோமீட்டர் நீளம், 109 மதகுகள். கொல்கத்தாத் துறைமுகம் வண்டலால் தூர்ந்துவந்தது. ஹூக்ளியில் நொடிக்கு நாற்பதினாயிரம் கன அடி வரை நீரைத் திருப்பிவிட்டு அவ்வண்டலை அரித்துச் செல்லச் செய்வதே அணையின் நோக்கம். துறைமுகத்தை நம்பி இலட்சக்கணக்கானோர் வாழ்ந்தனர். அந்நோக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அணைக்கு மேற்புறத்து மீனவரும் ஆற்றை நம்பியே வாழ்ந்தனர். மீன் கடந்து செல்ல அணையில் தனி வழிகள் அமைத்திருந்தும் அவை பயன்படவில்லை. சில ஆண்டுகளுக்குள் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் இலிஷ் பெயரளவில் நின்றது. ஐரோப்பாவின் சால்மன் மீன் அருவியையும் துள்ளிக் கடக்கும். உள்ளம் துள்ளும் இனமன்று. கூட்டமாக ஓட்டத்தோடு மல்லுக்கு நின்று நீந்தத் தெரியும், படியேறத் தெரியாது. சிந்து நதியில் 1955-இல் கோத்ரி அணை எழுந்தபின் பல்லாவுக்கு நேர்ந்ததும் இதுவே.

இவ்விளைவை எவரும் முன்னறியவில்லை என்று சொல்வதற்கில்லை. முன்னறிந்தவர்களின் வரலாற்றில் தமிழகத்துக்கு ஒரு பங்குண்டு. கொள்ளிடத்தில் மேலணையும் கீழணையும் கட்டுவித்து, பின்னர் 1852-இல் கோதாவரியில் தௌலேசுவரம் அணையை முடித்த ஆர்தர் காட்டன் பெயரைத் தஞ்சைத் தரணி மறவாது. அணைகளால் மீன்வளம் குன்றுமோ என்ற ஐயத்தை 1860-களின் பிற்பகுதியில் அரசாங்கத்தின் செவியில் போட்டவர்களுள் அவரும் ஒருவர். தாம் கட்டிய அணையைப் பற்றித் தாமே ஐயம் எழுப்பும் மனம் எளிதில் வாய்ப்பதன்று. அதனையொட்டி ஆராயப் பணிக்கப்பட்ட மருத்துவர் பிரான்சிஸ் டே, 1873-இல் தந்த அறிக்கையில் அணைகள் மீனேற்றத்தைத் தடுப்பதை விரிவாக எழுதினார். கீழணையின் அடியில், மேலேற வழியின்றி உள்ளம் மீன்கள் குழுமி நிற்கும். அங்கேயே அவற்றை வாரிக்கொள்வார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்துறையினர் அவ்விடத்திலேயே, தாய் மீனின் சினையைப் பிதுக்கி எடுத்து, ஆணின் பாலோடு கலந்து செயற்கையாகக் குஞ்சு பொரிக்கவும் முயன்றனர். அம்முயற்சியைப் பற்றி 1917-இல் கட்டுரை எழுதியவர் சுந்தர ராஜ் என்னும் மீனியல் அறிஞர்.

1934-இல் மேட்டூர் அணை நிறைவெய்தியது. காவிரி வெள்ளம் மலைகளுக்கிடையே தேங்கியது. பாசனம் பெருகிற்று, மின்சாரம் கிடைத்தது, டெல்டாவில் வெள்ளச் சேதம் குறைந்தது. ஆனால் எந்த வெள்ளத்தின் குறிப்பறிந்து உள்ளம் கடலைவிட்டுப் புறப்படுமோ, அந்த வெள்ளம் உரிய திங்களில் கொள்ளிடத்தில் வராது போயிற்று. வழியை அடைப்பது ஒரு கேடு. வழி திறந்திருந்தும் அழைப்பை நிறுத்திவிடுவது மற்றொரு கேடு. 1941-இல் அதே சுந்தர ராஜ், அணைகளும் மீன்வளமும் பற்றி, மேட்டூர் இந்தியாவுக்குத் தரும் பாடம் என்ற பொருளில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பரக்கா அதற்கு 34 ஆண்டுகள் பின்னர் வந்தது. அக்கட்டுரையைப் பரக்காவை வரைந்தவர்கள் படித்திருப்பின் அணை எழுந்திராது என்று நான் சொல்ல மாட்டேன். மீனுக்கென அமைத்த வழியை மீனின் இயல்பறிந்து அமைத்திருக்கலாம் என்ற அளவிலாவது அது உதவியிருக்கும்.

அணையின் குற்றத்தை மட்டும் பேசி வலையின் குற்றத்தை மறைப்பது நேர்மையாகாது. மேல்வழி அடைபட்ட பிறகு, கீழே எஞ்சியுள்ள ஆற்றிலும் கழிமுகத்திலும்தான் இம்மீன் முட்டையிட்டுக் குஞ்சு வளர்த்தாக வேண்டும். அங்கேதான் நைலான் வலைகள் பெருகின, வலைக்கண்கள் சுருங்கின. ஓரடிக்கும் குறைந்த இளமீன்களைக் கொல்கத்தாச் சந்தையில் 'கோகா இலிஷ்' என்பார்கள். குழந்தை இலிஷ் என்பது பொருள். ஒரு முறையேனும் முட்டையிடுவதற்கு முன்பே பிடிபட்ட மீன்கள் அவை.

பழங்காலத்து வங்காளிகள் இதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தனர். கிழக்கு வங்கக் குடும்பங்கள் பலவற்றில், விஜயதசமி அல்லது அதனை அடுத்த இலட்சுமி பூசையோடு இலிஷ் உண்பதை நிறுத்திவிடுவார்கள். தை மாசியில் வரும் சரசுவதி பூசையன்று இணை மீன் வாங்கி வந்து, மஞ்சளும் குங்குமமும் இட்டு வரவேற்று, மீண்டும் உண்ணத் தொடங்குவார்கள். இடைப்பட்ட திங்கள்கள் யாவை என்று எண்ணிப் பாருங்கள்: ஐப்பசி முழுமதியை ஒட்டி மிகுதியாக முட்டையிடும் காலமும், குஞ்சுகள் ஆற்றில் வளரும் காலமுமே அவை. வழக்கம் ஏற்படுத்தியவர்கள் மீனியல் கற்றே ஏற்படுத்தினார்களா என்பதை நான் ஆராயப் புகவில்லை. பனிக்கிடங்குகள் வந்தபின் அவ்வழக்கம் தளர்ந்தது என்பது கண்கூடு.

வழக்கம் தளர்ந்த இடத்தில் சட்டம் வந்தது. வங்கதேசத்தில் 2016 முதல் ஆண்டுதோறும் ஐப்பசியை ஒட்டி 22 நாள் இலிஷ் பிடிப்பதும் விற்பதும் தடுக்கப்பட்டன. 25 சென்டிமீட்டருக்குக் குறைந்த குஞ்சை நவம்பர் முதல் ஜூன் வரை பிடிக்கலாகாது. இவ்விதிகளோடு வேறொன்றும் அந்நாட்டார் செய்தனர்: தடைக்காலத்தில் மீனவர் குடும்பங்களுக்கு அரிசி வழங்கினர். பட்டினி கிடப்பவனிடம் வலையைச் சுருட்டி வை என்று சொல்லிப் பயனில்லை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். வழங்கிய அரிசி போதாது என்ற முறையீடு உண்டு; ஆயினும் 2002-03-இல் ஏறத்தாழ இரண்டு இலட்சம் டன்னாக இருந்த அந்நாட்டு இலிஷ் விளைவு, 2017-18-இல் ஐந்து இலட்சம் டன்னைத் தாண்டியது. உலகில் பிடிபடும் இலிஷில் பெரும்பகுதி அங்கிருந்தே வருகிறது.

மேற்கு வங்கத்திலும் சட்டத்துக்குக் குறைவில்லை. 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த இலிஷைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். வலைக்கண் 90 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இயந்திரப் படகுகள் செல்லலாகாது என்னும் பொது விதியும் உண்டு. இது தமிழகக் கடற்கரைக்கும் உரியதாதலின் நம்மவர் பலர் அறிவர். ஆனால் ஹூக்ளிக் கரையில் சிறு வலையோடு நிற்கும் ஏழையைப் பிடித்துத் தண்டிப்பதில் காணப்படும் ஊக்கம், நகரச் சந்தையில் பட்டப்பகலில் கூடையில் குவித்து வைத்துக் கோகா இலிஷ் விற்பதைத் தடுப்பதில் காணப்படுவதில்லை. வாங்குவோர் இருக்கும்வரை கூடை காலியாகாது.

இந்த இடத்தில்தான் சந்தைக்குப் பையோடு போகும் நம் குடும்பங்கள் வருகின்றன. பெரிய இலிஷ் கிலோ ஆயிரத்துக்கு மேல் விற்கும்போது, சின்னது மலிவாகக் கிடைக்கிறதே என்று கை நீளும். மாதச் சம்பளக்காரர்களுக்கு அது இயல்பே. 23 சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ ஒரு பெரிய கைச்சாண். அதற்குள் அடங்கும் மீனில் சதை குறைவு, முள் மிகுதி, இலிஷுக்கே உரிய நெய்ப்பசையும் இன்னும் ஏறியிராது. கொடுத்த காசுக்கு அது நட்டமே. அதே பணத்துக்கு வளர்த்த ரோகுவோ கட்லாவோ வாங்கலாம். இலிஷ் உண்ணும் ஆசை இருப்பின், இரண்டு மூன்று குடும்பங்கள் கூடிப் பெரிய மீன் ஒன்றை வாங்கித் துண்டு பகிர்ந்துகொள்ளலாம். வங்காளிகளே அப்படிச் செய்கிறார்கள். கோதாவரிப் பகுதியில் வாழ்வோருக்கும் இது பொருந்தும். புதுச்சேரி ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த ஏனாமின் கரையில், ஆடி ஆவணியில் புலசா ஒன்றே பல ஆயிரம் ரூபாய்க்கு ஏலம் போவதுண்டு. அங்கே பெருமைக்காகவும் வாங்குகிறார்கள். கடல் இலிஷைப் புலசா என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. தௌலேசுவரம் அணைக்குக் கீழே எஞ்சியுள்ள சிறு ஆற்றுப் பகுதியில் அகப்படும் மீன் எவ்வளவு இருக்க முடியும் என்பதை எண்ணிப் பார்த்து விலை பேசுவது நல்லது.

கொல்கத்தாவை அடுத்த பாரக்பூரில், 1947-இல் தொடங்கிய மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையம் அண்மை ஆண்டுகளில் ஒரு பணியை மேற்கொண்டுள்ளது. பரக்கா அணையின் கீழ்ப்புறம் மீனவரைக் கொண்டு இலிஷை உயிரோடு பிடித்து, மேற்புறம் கொண்டுபோய் விடுகிறார்கள். கை பட்டால் சாகும் மீனை உயிரோடு இடம் மாற்றுவது எத்தகைய வேலை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விடுவதற்கு முன் சில மீன்களின் முதுகில் எண்ணிட்ட சிறு அடையாளச் சீட்டு ஒன்றைக் கோத்துவிடுவர். பின்னர் மேலேயுள்ள ஊர்களில் எவரேனும் அத்தகைய மீனைப் பிடித்தால், எந்த இடம், எந்த நாள் என்பதை எழுதிக்கொள்கிறார்கள். அணைக்கு மேலே அது எவ்வளவு தொலைவு ஏறியது என்பது அவ்வாறுதான் தெரியவருகிறது.